என் பேரைச் சொல்ல ஆளில்லாத கரை

1

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில். நடக்கப் போகிறவர்கள் தங்கள் பேரையும், கிளம்பிய நேரத்தையும், எந்த ஊரில் வெளியே வரப்போகிறார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். திரும்பி வராவிட்டால் தேடிப் போவதற்காக. என் மகள் எழுதிவிட்டுப் பென்சிலை என்னிடம் நீட்டினாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் எழுதியதைப் படித்தேன்.

கயல் விழி.

நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. என் மகளின் பேர் கயல்விழி ஏழுமலை. ஏழுமலை நான்தான்.

"ஏம்மா, மீதிய எழுத மறந்துட்டியா?" என்றேன்.

"மறக்கலப்பா. சொல்லணும்னுதான் இருந்தேன். போய்கினே சொல்றேன், வா."

பென்சிலை வாங்கி என் பேரை எழுதினேன். பெட்டியை மூடினேன்.

அன்றைக்கு என் மனைவி சாந்தியின் மூன்றாவது வருஷ திவசம். விடியற்காலையில் இலை போட்டு, அவளுக்குப் பிடித்த மசால் வடையும் காரக்குழம்பும் வைத்துப் படைத்திருந்தேன். காக்கைக்கு என்று பின்வாசலில் வைத்த சோற்றைக் கடற்புறா ஒன்று வந்து தட்டோடு தள்ளித் தின்றது. சாந்தி வந்தாளோ இல்லையோ, கடற்புறா வந்தது. இந்த ஊரில் இதற்கெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தால் பிழைக்க முடியாது.

கயல் நாலு மணிநேரம் கார் ஓட்டி முந்தின நாளே வந்திருந்தாள். அந்தக் கடலோரப் பாதையில் ஒரு தடவை முழுக்க நடக்க வேண்டும் என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். நான்தான் முழங்கால் வலி, ஷிப்ட், மழை என்று எதையாவது சொல்லித் தள்ளிப் போட்டேன். "அம்மாவுக்காவ நாம நடக்கலாம்ப்பா," என்று கயல் போனிலேயே சொல்லிவிட்டாள். மறுக்க மனசு வரவில்லை.

2

நான் இருப்பது கனடாவின் கிழக்கு ஓரத்தில், நியூஃபவுண்ட்லாந்து தீவில். மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் குளிர்பதன மெக்கானிக். சந்தவாசலில் பிறந்து, ஐடிஐ படித்து, துபாயில் எட்டு வருஷம் ஏசி கழற்றி மாட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் குளிரை உண்டாக்கிக்கொண்டிருந்தேன். இங்கே வெளியில் ஐஸ் கட்டிக் கிடக்கும்போதும் உள்ளே அதே வேலைதான் பார்க்கிறேன். என் ஜாதகம் அப்படி.

பேர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் நான் சி. ஏழுமலை. சி என்றால் சின்னசாமி, என் அப்பா. பாஸ்போர்ட்டுக்காரன் அந்த ஓர் எழுத்தை விரித்துக் கடைசியில் கொண்டுபோய் வைத்தான். இந்த நாட்டில் கடைசியில் இருப்பதுதான் பேர். ஆக, நான் விமானத்தை விட்டு இறங்கிய நிமிஷம் முதல் மிஸ்டர் சின்னசாமி ஆகிவிட்டேன். பேங்கில் சின்னசாமி. ஆஸ்பத்திரியில் சின்னசாமி. லைசென்ஸ் ஆபீசில் சின்னசாமி. ஆலையில் அதையும் சுருக்கி, சின்னா. என் அப்பா உயிரோடிருந்த வரைக்கும் வேலூரைத் தாண்டி எங்கும் போனதில்லை. அவரை இங்கே கவுன்டர் கவுன்டராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் எழுந்து எழுந்து போகிறேன்.

சாந்தியின் பாஸ்போர்ட்டில் அவளுடைய அப்பா பேர். கயலுடையதில் என் பேர். மூன்று பேர், மூன்று குடும்பப் பேர். விசா நேர்காணலில் அந்த அதிகாரி மூன்றையும் மேஜையில் பரப்பிவைத்து, நீங்கள் ஒரே குடும்பமா என்று கேட்டார். சாந்தியைப் பார்த்து, உன் கணவர் பேர் என்ன என்றார். சாந்தி என் பேரைச் சொல்லமாட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஏழு விரலைக் காட்டிவிட்டு, கையை மேலே தூக்கி மலை மாதிரி கும்மாச்சி போட்டாள். அதிகாரி முகம் வெளிறிப்போய், "ஏழு கணவர்களா?" என்றார்.

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்காகச் சிரித்தோம். சிரித்ததெல்லாம் சரி. ஆனால் கணக்குப் பார்த்தால், ஆலையில் நான் சின்னா, வீட்டில் ஏங்க, சந்தவாசலிலிருந்து போன் பண்ணும் சாந்தியின் தம்பி முருகேசனுக்கு மச்சான். ஏழுமலை என்ற பேர் இந்த நாட்டில் ஒரே ஓரிடத்தில்தான் ஒலித்தது. கயலின் பள்ளிக்கூடத்தில். பரிசளிப்பு விழாவில் மேடையிலிருந்து, கயல்விழி ஏழுமலை என்று வாய்க்கு வந்தபடி உடைத்துக் கூப்பிடுவார்கள். அவள் எழுந்து போவாள். கடைசி வரிசையில் ஆலை நாற்றத்தோடு உட்கார்ந்திருக்கும் எனக்குக் காது சிலிர்க்கும். பேர் சொல்லப் பிள்ளை என்பது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குக் காலையில்கூட முருகேசன் போன் பண்ணினான்.

"இன்னா மச்சான், அக்காவுக்கு படைச்சிட்டியா? இங்க வூட்ல எல்லாம் ஆச்சு. ஜமுனாமரத்தூர் சந்தையில போயி பலாப்பழம் வாங்கியாந்து வெச்சேன். அக்காவுக்கு புடிக்குமே. நீ எப்பதான் வர்ற?"

"வர்றேன்டா," என்றேன். மூன்று வருஷமாக அதே பதில்தான்.

3

பாதையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அதில் ரயில் ஓடியது. மரமும் மீனும் ஏற்றிப் போனதாம். நாங்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே நஷ்டம் என்று நிறுத்திவிட்டு, தண்டவாளத்தையும் கட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஜல்லி போட்ட மேடு மட்டும் கடலை ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் புதர் நெருக்கி, நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு வழி. இடது கைப்பக்கம் முப்பது நாற்பது அடி கீழே பாறையில் கடல் அடிக்கும். வலது கைப்பக்கம் ஊசியிலை மரங்கள், சதுப்பு. பதினாறு கிலோமீட்டர். இடையில் வீடு கிடையாது, கடை கிடையாது, போன் சிக்னல் கிடையாது.

நடக்க ரொம்ப சுலபம். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் பாதையும் ஏறாது, இறங்காது, வளைந்து வளைந்து போகும். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. நான் நடந்து பழகியது சந்தவாசலிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை. பஸ் போகும் மலைப்பாதையைச் சுற்றிக்கொண்டு போனால் அரை நாள். காட்டுக்குள் குறுக்கே ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். புளிக்காகவும் சாமைக்காகவும் அப்பாவோடு எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். அங்கே ஒவ்வோர் அடிக்கும் காலைப் பார்த்து வைக்க வேண்டும். யோசனைக்கே இடமில்லை. இங்கே கால் பாட்டுக்கு நடக்கிறது. மனசு பாட்டுக்கு எதையாவது கிளறுகிறது.

ஒன்பது கிலோமீட்டர் வரைக்கும் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, வடையைப் பிட்டுக்கொண்டே அவளே ஆரம்பித்தாள்.

"பேரு மாத்த பாரம் குடுத்துட்டேன்பா. ஆறு வாரத்துல சர்ட்டிபிகேட் வந்துடும்."

"இன்னாத்துக்கு?"

"எவனுக்கும் சொல்ல வர்லப்பா. போன்ல ஒவ்வொரு தடவையும் எழுத்து எழுத்தா சொல்லணும். வேலைக்கி எழுதிப் போட்டா பேர பாத்தே ஒதுக்கிடறானுங்க."

"சொல்ல வர்லன்னா கத்துக்கட்டும். அவனுங்க பேரயெல்லாம் நாம பல்லக் கடிச்சிக்கினு சொல்லல?"

"அது மட்டும் இல்லப்பா. அது உன் பேரு. என் பேரு இல்ல. என் பேரு கயல்விழி. அதையே ரெண்டா பிரிச்சி போட்டுக்கறேன். முன்னாடியும் நானு, பின்னாடியும் நானு."

"ஓகோ. அப்ப நான் எங்க?"

அவள் மீதி வடையைத் தாளில் சுற்றினாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"என் பேரு உனக்கு அசிங்கமா கீதா?"

"அய்ய, அப்பா! நாளைக்கி நான் எவனாச்சும் ஒருத்தன கட்டிக்கினு அவன் பேர போட்டுக்கினா, நீ பந்தி வெச்சி சோறு போடுவ. என் பேரையே நான் போட்டுக்கினா குத்தமா?"

நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விக்குப் பதில் தெரியாதபோது மனுஷன் என்ன செய்வான்? நியாயம் இல்லாத ஒன்றைப் பேசுவான். நானும் பேசினேன்.

"உங்கம்மா உயிரோட இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கினு இருப்பாளா? அவ திவசத்தன்னிக்கி வந்து இத சொல்றியே."

கயலின் முகம் சிவந்தது. "அம்மா பேரு எங்கப்பா கீது? மூணு பாஸ்போர்ட்டயும் எடுத்து வெச்சி பாரு. உனக்கு உங்கப்பா, அவளுக்கு அவங்கப்பா, எனக்கு நீ. அவ பேர யாரு பின்னால போட்டுக்கினாங்க? ஒருத்தரும் இல்ல. அதுக்கு ஒரு நாளாச்சும் நீ வருத்தப்பட்டியா?"

எழுந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும், கால் வேகம் பிடிக்கும். அவள் பூட்ஸைக் கழற்றிக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். "நீ மெதுவா வா," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

"அப்பா, தனியா போவாத! இங்க சேந்துதான் போவணும்!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

காதில் விழாத மாதிரி நடந்தேன். அறுபது வயசில் இந்த வீறாப்பு எனக்குத் தேவையா? தேவையில்லைதான்.

4

அரை மணிநேரம் போல நடந்திருப்பேன். ரயில் மேடு நேராகப் போக, வலது பக்கம் மரங்களுக்குள் ஒரு சின்ன வழி பிரிந்தது. அந்த இடத்தைப் பற்றி ஆலையில் கேட்டிருக்கிறேன். நேரே போனால் ஓர் ஓடை கடலில் சேரும் இடம். அங்கே முன்பு ரயில் பாலம் இருந்தது, இப்போது இல்லை. மேடு போய் அப்படியே அந்தரத்தில் முடியும். அதனால் நடப்பவர்கள் வலது பக்கம் திரும்பி, உள்ளே சுற்றிப் போய் மரப்பாலத்தில் ஓடையைத் தாண்ட வேண்டும்.

திரும்பும் இடத்தில் அம்புக்குறி போட்ட பலகை ஒன்று இருந்திருக்க வேண்டும். இருந்தது. காற்றில் சாய்ந்து புதரில் குப்புறக் கிடந்தது. மரத்தில் ஒரு ஆரஞ்சு நாடா மட்டும் கட்டியிருந்தது. நான் மெக்கானிக். ஒரு போல்ட் லூசாக இருந்தாலே கை சும்மா இருக்காது. அன்றைக்கு அந்தப் பலகையைப் பார்த்தேன், தாண்டிப் போனேன். நிமிர்த்திவைக்க ஒரு நிமிஷம் ஆகாது. கோபத்தில் இருந்தேன், நிமிர்த்தவில்லை. அவ்வளவுதான் காரணம். அதை எப்படித் திருப்பிச் சொன்னாலும் அவ்வளவுதான்.

சுற்றுவழியில் கொஞ்ச தூரம் ஏறி ஒரு பாறையில் உட்கார்ந்தேன். வரட்டும், எப்படியும் இந்த வழியாகத்தானே வர வேண்டும் என்று. அப்போதுதான் மூடுபனி வந்தது. இங்கே பனி வானத்திலிருந்து இறங்குவதில்லை, கடலிலிருந்து நடந்து வருகிறது. பத்து நிமிஷத்தில் என் எதிரில் இருந்த மரம் போய்விட்டது. பிறகு என் பூட்ஸே மங்கலாகிவிட்டது. கடல் இரைச்சல் மட்டும் எல்லாப் பக்கமும் கேட்டது.

அந்த நேரத்தில் தனிமை என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். அங்கே டிவி இருக்கிறது, பிரிட்ஜ் ஓடும் சத்தம் இருக்கிறது. இங்கே ஒன்றும் இல்லை. நான் இப்படியே உட்கார்ந்து செத்துப்போனால், கண்டெடுக்கிறவன் பையில் இருக்கும் கார்டைப் பார்த்துச் சின்னசாமி செத்துப்போனான் என்று எழுதுவான். ஏழுமலை என்று ஒருத்தன் வந்தானா, இருந்தானா என்றே தெரியாது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பார்க்க யார் இருக்கிறார்கள்?

அப்போது கேட்டது.

"ஏ…ழு…மலை…"

இழுத்து, மெல்லிசாக, எந்தப் பக்கம் என்று தெரியாமல். என் முதுகில் மயிர் எழுந்து நின்றது.

ஜவ்வாது மலையில் காட்டுக்குள் போகும்போது யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். பிரிந்து போனால் 'கூ' என்றுதான் குரல் கொடுப்பார்கள். பேர் சொன்னால் காட்டில் இருப்பது அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதுவே நம் ஆட்களின் குரலில் கூப்பிடும். முதல் தடவைக்கும் பதில் சொல்லக் கூடாது, இரண்டாம் தடவைக்கும் சொல்லக் கூடாது. மூன்றாம் தடவையும் கூப்பிட்டால்தான் மனுஷன். பேயால் மூன்று தடவை கூப்பிட முடியாது. இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டுகிறவன் நான். ஆனால் அந்தப் பனியில், அந்தக் கரையில், என் பேரைச் சொல்லிக் கூப்பிட இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்? சாந்தி செத்துப் போன நாள் வேறு. அவள் வாழ்நாளில் சொல்லாத பேரை இப்போது சொல்கிறாளோ? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஏழு…மலை…!"

இரண்டு, என்று எண்ணினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்கு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வரவில்லை.

ஐந்து நிமிஷம் இருக்கும். வரவில்லை. அப்புறம்தான் என் மண்டையில் உறைத்தது. அட மடையா! இந்த நாட்டில் உன் பேர் தெரிந்த ஒரே ஜீவன் பின்னால் வந்துகொண்டிருக்கிறதேடா!

5

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இரண்டு தடவை விழுந்தேன். பிரியும் இடத்துக்கு வந்தபோது அந்த ஆரஞ்சு நாடாவைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

"கூ!" என்றேன். பழக்க தோஷம். இன்னொரு தடவை "கூ!" என்றேன். கடல்தான் இரைந்தது.

அப்புறம் எல்லாக் கணக்கையும் விட்டுவிட்டு, "கயலு! அம்மா கயலூ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"அப்பா…" என்று நேர் எதிரில், கீழேயிருந்து கேட்டது.

மேட்டின் விளிம்பை உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்துப் போய்ப் பிடித்தேன். பாலம் இருந்த இடத்தில் மண் அரித்துச் சரிந்திருந்தது. இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு ஜல்லித் திட்டு. அதில் கயல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அதற்கும் கீழே என்ன இருந்தது என்று பனியில் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. அவள் இரண்டடி தள்ளிச் சறுக்கியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

சறுக்கி இறங்கி அவளிடம் போனேன். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினேன். இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டிய பிறகுதான் முடிச்சு நின்றது.

"கூப்டேனே, கேக்கலியா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "கேட்டுச்சும்மா," என்றேன்.

"கேட்டுச்சா? அப்புறம் இன்னாத்துக்கு பதில் சொல்லல? பதில் வர்ல, நீ நேரா போய்ட்டனு நெனச்சிக்கினு வந்தேன்!"

"மூணாவது தடவைக்கி உக்காந்துகினு இருந்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள் போலும், உடனே புரிந்துகொண்டாள். "பேய்னு நெனச்சியா?"

தலையாட்டினேன்.

"என் குரலுகூட தெரியலியாப்பா?"

"குரலு தெரியாம இல்ல. பேரு… அத யாரும் சொல்லி கேட்டு எத்தினியோ வருசமாச்சும்மா. மனுசங்க கூப்புடுவாங்கன்னு எனக்கு தோணவே இல்ல."

சொல்லிவிட்டு நான் துண்டு முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வலியில் அழுதாளா, வேறெதற்கு அழுதாளா, தெரியாது. மூக்கை உறிஞ்சினாள்.

"நீ இன்னாத்துக்கு அப்பான்னு கூப்புடல?" என்று நான் கேட்டேன்.

"நாலு தடவ கூப்டேன். அப்பாங்கறது சின்ன வார்த்த, கடலு முழுங்கிடுது. உன் பேருதான் நீளமா கீது, இழுத்து கத்தலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பன பேர் சொல்லி கூப்டதுக்கு அம்மா இருந்தா வாய்லயே போட்டிருப்பா."

"போட்டிருப்பா," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த இடத்தில் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ.

மேலே ஏற அரை மணிநேரம் ஆனது. அவளை முன்னால் விட்டு, பின்னாலிருந்து தோளால் முட்டுக்கொடுத்து ஏற்றினேன். சாய்ந்து கிடந்த பலகையைப் போகிற போக்கில் நிமிர்த்தி, அடியில் கல் வைத்து இறுக்கினேன். மிச்சமிருந்த நாலு கிலோமீட்டரை அவள் என் தோளில் கையைப் போட்டு நொண்டிக்கொண்டே நடந்தாள். அவள் இவ்வளவு நேரம் என்மேல் சாய்ந்து நடந்தது, நடை பழகின காலத்துக்கப்புறம் அன்றைக்குத்தான்.

பனி விலக ஆரம்பித்த ஓரிடத்தில் அவள் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா. அந்த பாரத்த வேணும்னா வாபஸ் வாங்கிடறேன். இன்னும் டைம் கீது. நீ சொல்லு."

எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஒரு வார்த்தை. 'உம்' என்று சொன்னால் போதும். என் பேர் அவள் பின்னால் இருந்துவிடும். பேங்கில், ஆபீசில், அவள் செத்த பிறகு அவள் கல்லறைக் கல்லில்கூட. அவள் வலியில் இருந்தாள், என்மேல் இரக்கத்தில் இருந்தாள். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பாள்.

"காலப் பாத்து வை," என்று மட்டும் சொன்னேன்.

6

பாதை முடியும் ஊரில், காலையிலேயே சொல்லிவைத்திருந்தபடி, ஆலைக்காரர் ஒருவர் எங்களுக்காக வேனோடு காத்திருந்தார். நேரே அந்த ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இறக்கினார். கயலைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் அவளுடைய மருத்துவ அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, பாரத்தை என் கையில் கொடுத்தாள். நிரப்பித் தரச் சொன்னாள்.

எத்தனை பாரம் நிரப்பியிருப்பேன் இந்த நாட்டில்! ஒவ்வொன்றிலும் அந்த முதல் கட்டம்தான் வில்லங்கம். அன்றைக்கும் அதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தேன். பிறந்த தேதி. முகவரி. ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? இல்லை. என்ன நடந்தது? விழுந்தாள். எப்படி என்று கேட்டு நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். அதில் என்ன எழுதுவது? மேட்டிலிருந்து சறுக்கி என்று மட்டும் எழுதினேன்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம். பேனா தன் பாட்டுக்குச் சி என்று ஆரம்பித்தது. நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கயல், "அது தாத்தா பேருப்பா," என்றாள். "தாத்தாவா வரப் போறாரு?" அடித்துவிட்டு ஏழுமலை என்று எழுதினேன். உறவு: அப்பா.

எல்லாம் முடிந்து மேலே வந்தேன். நோயாளியின் பேர். கயல் என் கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் முந்தி வேலூர் ஆஸ்பத்திரியில், இதே மாதிரி ஒரு பாரத்தில், பிறந்து மூன்று நாளான அவளுக்கு நான்தான் பேர் எழுதினேன். பக்கத்தில் படுத்திருந்த சாந்தி, உங்க பேரையும் சேத்து எழுதுங்க என்றாள். சந்தோஷமாக எழுதினேன். அன்றைக்கு எழுத எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஞாபகம் இல்லை. இன்றைக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

கயல் என்று எழுதினேன். ஒரு விரல் இடம் விட்டேன். விழி என்று எழுதினேன். அப்புறம் பேனாவை மூடிவிட்டேன்.

கவுன்டர் பெண் பாரத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். அட்டையில் வேறு பேர் அல்லவா இருக்கிறது, எது சரி என்று என்னைக் கேட்டாள். கயல் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அட்டை பழசு," என்றேன்.